நாளைய ரேஸ், இன்றைய கணிப்பு



சென்னையில் வெளியாகும் ஆங்கில நாளிதழ் ஒன்றின் விளையாட்டுப் பக்கத்தில், கிரிக்கெட்டும் டென்னிஸும் இடம் பிடித்தது போக, ஒரு மூலையில் பொடி எழுத்தில் ஒரு பத்தி வரும். பழக்கமில்லாதவர் கண்ணுக்கு அது ரயில்வே கால அட்டவணை போலத்தான் தெரியும். முதல் ரேஸ், 1,200 மீட்டர், ரேட்டிங் 20 முதல் 45 வரை, பிற்பகல் இத்தனை மணி என்று ஆரம்பிக்கும். பிறகு குதிரையின் பெயர், அடைப்புக்குறிக்குள் ஓர் எண், ஜாக்கியின் பெயர், எடை. குதிரைகளின் பட்டியல் முடிந்ததும் அடியில் மூன்று பெயர்கள்: ஒன்று, இரண்டு, மூன்று. ஏழெட்டு ரேஸுக்கும் இப்படியே போய், கடைசியில், அன்றைய சிறந்த தேர்வாக, ‘டேஸ் பெஸ்ட்’ என்று ஒரு குதிரை, ‘டபுள்’ என்று ஒரு ஜோடி, பல ரேஸ்களைச் சேர்த்துக் கட்டும் ஜாக்பாட்டும் ட்ரெபிளும் எந்தெந்த ரேஸுக்கு என்ற குறிப்பு. ஏன் அந்த மூன்று பெயர்கள் என்பதற்குக் காரணமாக ஒரு சொல்லும் இருக்காது.

அந்தக் காரணங்களைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன். அந்தப் பத்தி எப்படி உருவாகிறது, அதை எழுதுபவர் எதைப் பார்க்கிறார், எதைப் பார்க்க முடியாது, படிப்பவர் அதை எப்படிப் படிக்க வேண்டும் என்பவை என் விஷயம். குதிரையைக் கணிப்பது திறமைதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் திறமை எங்கே முடிகிறது என்பதையும் அதே பத்தியில் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மூன்று பெயரை மட்டும் நீட்டுவது படிப்பவருக்குச் செய்கிற அநியாயம் என்று நம்புகிறேன்.

இது திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்வி நம் ஊரிலிருந்தே உச்ச நீதிமன்றம் வரை போனது. கலைஞர் கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, 1974இல், குதிரைப் பந்தயத்தை ஒழிக்கும் சட்டத்தைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றியது. 1896இல் தொடங்கிய மெட்ராஸ் ரேஸ் கிளப் வழக்குப் போட்டது. உயர் நீதிமன்றம் கிளப்பின் வாதத்தை ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றம் தந்த தடையால் கிண்டியில் குதிரைகள் தொடர்ந்து ஓடின. 1986இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில், கிளப்பையே அரசு எடுத்துக்கொள்வதற்கு இன்னொரு சட்டம் வந்தது. கடைசியில் 1996 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கும் ‘கே.ஆர். லக்ஷ்மணன் எதிர் தமிழ்நாடு அரசு’ என்ற வழக்கு அது. குதிரைப் பந்தயத்தில் வெற்றி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, ஆகவே அது சூதாட்டம் ஆகாது என்று நீதிபதி குல்தீப் சிங் எழுதினார். கிளப்பை எடுத்துக்கொள்ளும் சட்டமும் சமத்துவ உரிமைக்கு முரணானது என்று விழுந்தது.

அந்தத் தீர்ப்பு சரி என்பதே என் கருத்து. ஆனால் அதில் யார் யாருடைய திறமை பேசப்படுகிறது என்று கவனிக்க வேண்டும். பயிற்சியால் வந்த குதிரையின் வேகமும் தாங்குசக்தியும் முதலில் வருகின்றன. சவாரியில் தேர்ந்த ஜாக்கியின் கலை அடுத்து வருகிறது. பந்தயம் கட்டுபவரும் இவற்றையெல்லாம் எடைபோட்டுப் பார்க்கலாம் என்பது அதற்குப் பிறகுதான். வெளியில் நின்ற மக்கள் கேட்டுக்கொண்டதோ கடைசிப் பகுதியை மட்டும். “திறமைதானாம், கோர்ட்டே சொல்லிவிட்டது” என்று பணம் கட்டும் டோட் கவுன்டர் வரிசையில் நின்று பேசிக்கொண்டவர்களை நான் கேட்டிருக்கிறேன். குதிரை போட்டியிடுவது மற்றக் குதிரைகளோடு. ஜாக்கியின் போட்டி மற்ற ஜாக்கிகளோடு. பணம் கட்டுபவர் யாரோடு போட்டியிடுகிறார்? அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் அந்த எடை விஷயம். பந்தயத்துக்குப் புதியவர்கள் பலர், ஒரே எடையைச் சுமந்து எல்லாக் குதிரையும் ஓடும், வேகமானது ஜெயிக்கும் என்று நினைக்கிறார்கள். ஒருநாள் அட்டையில், அதாவது அன்றைய ரேஸ் பட்டியலில், இருக்கும் பெரும்பாலான ரேஸ்கள் அப்படியல்ல; அவை ஹேண்டிகேப் ரேஸ்கள். ஒவ்வொரு குதிரையும் ஓடி முடித்த பிறகு கிளப்பின் ஹேண்டிகேப்பர் அதற்கு ஒரு ரேட்டிங் கொடுக்கிறார். ஜெயித்தால் ரேட்டிங் ஏறும். தொடர்ந்து பின்தங்கினால் இறங்கும். ஒரு ரேட்டிங் புள்ளிக்கு அரை கிலோ. 65 ரேட்டிங் உள்ள குதிரை 62 கிலோ சுமந்தால், அதே ரேஸில் 45 ரேட்டிங் குதிரைக்கு 52 கிலோதான். ஜாக்கியின் எடையும் சேணமும் போதாவிட்டால் சேணப் பைக்குள் ஈயத்தகடு வைத்துச் சரிக்கட்டுவார்கள். குதிரையின் தரத்துக்கும் வயதுக்கும் எடையால் ஈடுகட்டும் இந்த முறைக்கு 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் அட்மிரல் ஹென்றி ரௌஸ் ஓர் ஒழுங்கான அளவுகோலைத் தந்தார். உலகம் முழுக்க இன்றும் அதன் வாரிசு முறைகள்தான் நடக்கின்றன.

ஹேண்டிகேப்பரின் லட்சியம் என்ன தெரியுமா? எல்லாக் குதிரையும் ஒரே நேரத்தில் வெற்றிக் கம்பத்தைத் தொட வேண்டும். யார் ஜெயிப்பார் என்று ஒருவருக்கும் தெரியக்கூடாது. சம்பளம் வாங்கிக்கொண்டு, வருஷம் முழுக்க ஒவ்வொரு ஓட்டத்தையும் திரும்பத் திரும்பப் பார்த்து, கணிப்பைக் குலைப்பதையே வேலையாகச் செய்யும் ஒரு நிபுணர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். கணிப்பு எழுதுபவர் தேடுவது வேகமான குதிரையை அல்ல. ஹேண்டிகேப்பரின் கணக்கில் விட்டுப்போன ஒன்றிரண்டு கிலோவைத்தான்.

ஒரு ரேஸை எடுத்துப் படித்துக் காட்டுகிறேன். உண்மையான ரேஸ் அல்ல, விளக்குவதற்காக நானே அமைத்தது. 1,200 மீட்டர், ரேட்டிங் 40 முதல் 65 வரை, பத்துக் குதிரைகள். நான்கை மட்டும் பார்ப்போம். பெயருக்குப் பதில் அ, ஆ, இ, ஈ.

‘அ’ போன ஓட்டத்தில் ஜெயித்தது. இரண்டு லெங்த் இடைவெளி. அது 20 முதல் 45 வரையிலான கீழ் வகுப்பு. ஜெயித்ததால் ரேட்டிங் 44 ஆகி, மேல் வகுப்புக்கு வந்து, 51.5 கிலோ சுமக்கிறது. ‘ஆ’ இதற்கு முன் இரண்டு முறையும் 60 முதல் 85 வரையிலான வகுப்பில் ஓடி, ஆறாவதாகவும் ஏழாவதாகவும் வந்தது. இரண்டு முறையும் வென்ற குதிரைக்கு ஐந்து லெங்துக்குள்தான் பின்தங்கியிருந்தது. இப்போது 62 ரேட்டிங்கோடு கீழே இறங்கி 60.5 கிலோ சுமக்கிறது. ‘இ’ போன முறை 1,400 மீட்டர் ஓடியது. கடைசி 200 மீட்டர் வரை முன்னால் போய், அங்கே மூச்சு தீர்ந்து நான்காவதாக முடித்தது. அன்று ஓட்டியவர் அப்ரண்டிஸ், அதாவது தொழில் பழகும் பையன்; இன்று கைதேர்ந்த ஜாக்கி. ‘ஈ’ ஆறு மாத ஓய்வுக்குப் பிறகு திரும்புகிறது. காலைப் பயிற்சியில் பிரமாதமாக ஓடியதாகச் செய்தி.

கூட்டம் யாரை விரும்பும்? ‘அ’வை. கடைசியாக ஜெயித்த குதிரைமேல் எல்லோருக்கும் கண். ரேஸ் புத்தகத்தில் பெயருக்குப் பக்கத்தில் 1 என்ற எண் இருக்கிறது. 6, 7 என்ற எண்களுக்கு அந்தக் கவர்ச்சி கிடையாது. ஆனால் ‘அ’ யாரைத் தோற்கடித்தது என்று பார்க்க வேண்டும். அன்று இரண்டாவது வந்த குதிரை அதற்குப் பிறகு ஓடியதா, எப்படி ஓடியது? அன்றைய நேரம் என்ன? அதே நாளில் அதே தூரத்தில் நடந்த வேறொரு ரேஸின் நேரத்தோடு ஒப்பிட்டால் எப்படி? ஒரு லெங்த் என்பது ஏறத்தாழ எட்டு அடி. ஓட்டத்தின் முடிவில் அதைக் கடக்க ஒரு நொடியில் ஆறு அல்லது ஏழில் ஒரு பங்கு நேரம் போதும். இரண்டு லெங்த் வெற்றி என்று அச்சில் பெரிதாகத் தெரிவது கடிகாரத்தில் கால் நொடிக்குச் சற்று மேற்பட்ட சமாசாரம். அன்று ‘அ’வை யாரும் நெருக்காமல், தன் இஷ்டத்துக்கு முன்னால் போக விட்டிருந்தால் அந்தக் கால் நொடிக்கு மதிப்பு இன்னும் குறைவு.

இன்று ‘அ’வை யாரும் சும்மா விடப் போவதில்லை. ‘இ’யும் முன்னால் போக விரும்பும் குதிரை. அடைப்புக்குறிக்குள் இருந்த எண் ஞாபகம் இருக்கிறதல்லவா? அதுதான் டிரா, அதாவது ஓட்டம் தொடங்கும் கேட்டில் நிற்கும் இடம். ‘இ’க்கு 2, உள்பக்க வேலியை ஒட்டிக் கிளம்பும். ‘அ’வுக்கு 9. ‘அ’ முன்னுக்கு வர வேண்டுமானால் வெளிப்பக்கமிருந்து சுற்றிக்கொண்டு வந்து ‘இ’யோடு மோதியாக வேண்டும். முதல் 600 மீட்டரில் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டால், பின்னால் பொறுமையாக வரும் குதிரைக்கு வழி திறக்கும். அந்தக் குதிரை ‘ஆ’. 60.5 கிலோ பார்க்கப் பயமுறுத்தும். ஆனால் அது மேல் வகுப்பில் ஓடியபோது முன்னால் போனவை எல்லாம் இங்கே உள்ளவற்றைவிடத் தரமானவை. வகுப்பு இறங்குவதன் பலன் எடை ஏறுவதன் பாரத்தை மிஞ்சுமா என்பதே இந்த ரேஸின் மையக் கேள்வி. மிஞ்சும் என்பது என் முடிவு. ஆகவே ஆ, இ, அ என்று எழுதுவேன்.

இவ்வளவு யோசித்த பிறகு ‘ஆ’ ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு தருவேன்? நூற்றுக்கு முப்பது. ‘இ’க்கு இருபத்திரண்டு. ‘அ’வுக்குப் பதினெட்டு. ‘ஈ’க்குப் பத்து. மிச்சம் ஆறு குதிரைகளுக்கும் சேர்த்து இருபது. இதை உற்றுக் கவனியுங்கள். நான் முதலாவதாக எழுதும் குதிரை பத்துக்கு ஏழு தடவை தோற்கும் என்பதே என் கணிப்பு. அச்சில் வருவதோ ‘1. ஆ’ என்று மட்டும். படிப்பவர் அதை ‘ஆ ஜெயிக்கும்’ என்று படிக்கிறார். எழுதியவர் மனதில் இருந்த முப்பது எங்கேயோ காணாமல் போகிறது. உலகில் பெரும்பாலான மைதானங்களில், ஃபேவரிட் என்று கூட்டம் முடிசூட்டிய குதிரை ஏறத்தாழ மூன்றில் ஒரு முறைதான் ஜெயிக்கிறது. லட்சக்கணக்கானவர்களின் பணமும் மூளையும் சேர்ந்து எட்டிய உச்சமே அதுதான்.

‘ஈ’யின் பெயர் வந்தபோது காலைப் பயிற்சிச் செய்தி ஒன்றைச் சொன்னேன் அல்லவா? நாளிதழில் ‘டிராக் வொர்க்’ என்று தனியாக ஒரு பத்தி வரும். 600 மீட்டர் 39 நொடி, பக்கத்தில் ‘ஆர்.பி.’ என்று அடைப்பில், பிறகு ‘ஈஸி’ என்று ஒரு சொல். ‘ஆர்.பி.’ என்றால் ரைடிங் பாய். ஜாக்கி ஏறவில்லை, லாயத்துப் பையன் ஓட்டினான் என்று பொருள். அதே 39 நொடியை 55 கிலோ ஜாக்கி ஏறி, கடைசியில் கையை அசைத்து விரட்டி எடுத்தாரா, அல்லது கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டே எடுத்தாரா என்பதில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். வெளி மணல் தடமா, உள் மணல் தடமா என்பதும் முக்கியம். விடியற்காலை ஐந்தரை மணிக்கு வேலியோரம் ஸ்டாப்வாட்சோடு நிற்பவர்களுக்குத்தான் இது தெரியும். அவர்கள் எழுதும் ஒற்றைச் சொற்களை நான் மிகவும் மதிக்கிறேன். பயிற்சியில் பறக்கும் குதிரைகளில் சில, ரேஸ் நாளில் கூட்டத்தையும் சத்தத்தையும் பார்த்ததும் சுருண்டுவிடும் என்பதையும் அவர்களே முதலில் சொல்வார்கள்.

ரேஸுக்குச் சற்று முன் குதிரைகளைப் பேடாக்கில் சுற்றி நடத்துவார்கள். எனக்கு ரேஸை விடப் பிடித்த இடம் அது. நடக்கும்போது பின்னங்கால் குளம்பு எங்கே விழுகிறது என்று பாருங்கள். முன்னங்கால் பதித்த தடத்தைத் தாண்டி விழுந்தால் உடம்பு இறுக்கமில்லாமல் இருக்கிறது என்று கொள்ளலாம். சென்னை வெயிலில் கழுத்தில் வியர்ப்பது சாதாரணம். பின்தொடைகளுக்கு நடுவில் வெள்ளையாக நுரை கட்டியிருந்தால் அந்தக் குதிரை பதற்றத்திலேயே பாதி ரேஸை ஓடி முடித்துவிட்டது. காது முன்னே நீட்டி நிற்கிறதா, பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? ஒரு பையன் கயிற்றைத் தளர்த்திப் பிடித்து நடத்துகிறானா, இரண்டு பேர் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறதா? லாடம் அலுமினியமா இரும்பா என்பது ரேஸ் புத்தகத்திலேயே இருக்கும். ஆனால் இவற்றில் எதுவும் முந்தைய நாள் மாலை கணிப்பு எழுதி அனுப்பியவருக்குக் கிடைக்காது. ‘ஃபால்ஸ் ரெயில்’ என்ற தற்காலிக வேலியை எத்தனை மீட்டர் தள்ளி வைப்பார்கள் என்று முன்கூட்டியே அச்சிடுவார்கள். நடுவில் ஒரு மழை பெய்தால் தடம் கனத்து, அந்தக் கணக்கும் மாறிவிடும்.

குதிரையைக் கண்ணால் பார்த்துத் தரம் சொல்வதில் நம் மரபு பழையது. திருவிளையாடற் புராணத்தில் நரியைப் பரியாக்கிய கதையை நினைத்துக்கொள்ளுங்கள். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொன்னை அவனுடைய அமைச்சர் வாதவூரர் கோயிலுக்குச் செலவழித்துவிட்டார். சொக்கநாதரே குதிரை வணிகராக வந்து குதிரைகளை மன்னன் முன் நிறுத்துகிறார். இலக்கணம் எல்லாம் பார்க்கப்படுகிறது. மன்னன் மகிழ்ந்து பெற்றுக்கொள்கிறான். இரவில் எல்லாம் நரியாகி ஊளையிடுகின்றன. பக்திக் கதையாக நாம் கேட்டு வளர்ந்த அதற்குள் குதிரை பார்க்கத் தெரிந்த ஒரு சமூகத்தின் கவலையும் இருக்கிறது. அங்க இலக்கணம் அத்தனையும் பொருந்திய குதிரை லாயத்தில் வேறொன்றாக இருக்கலாம் என்ற பயம், கடல்வழியாக ஏராளமான விலை கொடுத்துக் குதிரை இறக்குமதி செய்த பாண்டிய நாட்டுக்கு நன்றாகப் புரிந்த பயம்.

அப்படியானால் இன்னும் நிறையத் தகவல் சேர்த்தால் கணிப்பு கூர்மையாகுமா? அமெரிக்க உளவியலாளர் பால் ஸ்லோவிக் 1973இல் இதைச் சோதித்துப் பார்த்தார். அனுபவமுள்ள பந்தயக் கணிப்பாளர்கள் எட்டுப் பேரை உட்காரவைத்து, பழைய ரேஸ்களின் விவரங்களைக் கொடுத்தார். முதலில் ஒவ்வொருவருக்கும் அவரே தேர்ந்த ஐந்து விவரங்கள். பிறகு பத்து, இருபது, நாற்பது. ஒவ்வொரு கட்டத்திலும் யார் ஜெயிப்பார், எவ்வளவு நிச்சயம் என்று கேட்டார். விவரம் ஐந்திலிருந்து நாற்பது ஆனபோதும் கணிப்பின் துல்லியம் ஏறவில்லை. ஏறியது அவர்களுடைய நம்பிக்கை. ஐந்து விவரத்தோடு இருந்தபோது அவர்களின் நம்பிக்கையும் உண்மையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. நாற்பதோடு இருந்தபோது நம்பிக்கை வெகுதூரம் முன்னே போய்விட்டது. கணிப்பு எழுதுகிற ஒவ்வொருவரும் மேசைக்கு எதிரே ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டிய ஆராய்ச்சி அது. பங்குச்சந்தைக்கும் தேர்தலுக்கும் கருத்துச் சொல்பவர்களும் ஒட்டிக்கொள்ளலாம்.

இப்போது, பணம் கட்டுபவர் யாரோடு போட்டியிடுகிறார் என்ற கேள்விக்கு வருகிறேன்.

1860களில் பாரிஸில் ஜோசஃப் ஒல்லே என்பவர் ஒரு முறையைக் கொண்டுவந்தார். எல்லோருடைய பணத்தையும் ஒரே தொட்டியில் போட்டு, நடத்துபவரின் பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஜெயித்த குதிரையின்மேல் கட்டியவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது. 1913இல் ஜார்ஜ் ஜூலியஸ் இதற்கென ஓர் இயந்திரத்தை உருவாக்கி நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நிறுவினார். நம் மைதானங்களில் ‘டோட்’ என்கிறோமே, டோட்டலைசேட்டர், அதன் தாத்தா அதுதான். டோட்டில் நீங்கள் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் வரிசையில் உங்களுக்கு முன்னும் பின்னும் நிற்பவரின் ரூபாயோடு மோதுகிறது. ‘ஆ’ நல்ல குதிரை என்று நான் கண்டுபிடித்தது எனக்கு மட்டும் தெரிந்தால் லாபம். எல்லோருக்கும் தெரிந்தால் அதன் விலை இறங்கி, கண்டுபிடிப்பின் பயன் போய்விடும். நாளிதழில் அச்சான கணிப்பு எல்லோருக்கும் தெரிந்த கணிப்பு.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு குதிரைக்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. கூட்டமும் அதையே நினைக்கிறது. தொட்டியிலிருந்து எதுவும் எடுக்காவிட்டால் நூறு ரூபாய்க்கு நானூறு திரும்ப வரும். நீண்டகாலத்தில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. தொட்டியிலிருந்து நூற்றுக்கு இருபது எடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நானூறு முந்நூற்று இருபதாகிவிடும். கட்டியவர் கைப்பணம் போகாமல் இருக்க, அந்தக் குதிரை நூற்றுக்கு இருபத்தைந்து தடவை ஜெயித்தால் போதாது. முப்பத்தொன்றுக்கு மேல் ஜெயிக்க வேண்டும். அதாவது கூட்டம் முழுவதையும்விட அவர் ஆறேழு சதவீதப் புள்ளி கூடுதலாகத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அதுவும் ஒவ்வொரு ரேஸிலும். இதற்கு மேல் வரி. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது பந்தயத்துக்கு 28 சதவீதம் விதித்தார்கள். 2025 செப்டம்பரில் அது 40 ஆனது. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்தச் சுவரைத் தாண்டுவது அபூர்வம். 1996 தீர்ப்பு சொன்ன திறமை உண்மை. அந்தத் திறமை குடும்பத்தைக் காப்பாற்றும் என்று தீர்ப்பில் எங்கும் இல்லை.

தாண்டியவர் உலகில் இல்லையா? இருக்கிறார்கள். பில் பென்டர் என்ற அமெரிக்கர், 1980களின் நடுவில், ஆலன் உட்ஸ் என்பவரோடு ஹாங்காங் போனார். ஹாங்காங்கில் இரண்டே மைதானங்கள், ஹேப்பி வேலியும் ஷா டினும். அதே குதிரைகள், அதே ஜாக்கிகள், அதே டிரெய்னர்கள் திரும்பத் திரும்ப ஓடுவார்கள். ஆகவே பழைய தகவல் சுத்தமாகக் கிடைக்கும். பந்தயத் தொட்டியும் கடல் போலப் பெரியது. ஒவ்வொரு குதிரைக்கும் வெற்றி வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று சொல்லும் கணினி மாதிரி ஒன்றைப் பல வருஷம் உழைத்து உருவாக்கினார். 1994இல் அதைப் பற்றி அவரே ஓர் ஆய்வுரை எழுதினார். அதில் என்னைக் கட்டிப்போட்ட பகுதி ஒன்று உண்டு. தன் கணினியின் கணிப்பை மட்டும் நம்பினால் போதாது என்கிறார். கூட்டம் டோட்டில் கட்டியிருக்கும் பணம் என்ன சொல்கிறது என்பதையும் தன் கணிப்போடு சேர்த்து, இரண்டையும் கலந்து ஓர் எண்ணை எடுத்த பிறகுதான் கட்ட வேண்டும். உலகிலேயே மிக நுட்பமாகக் குதிரைகளைக் கணித்தவர்களில் ஒருவர், தனக்குத் தெரியாத ஏதோ ஒன்று கூட்டத்துக்குத் தெரிந்திருக்கும் என்பதைத் தன் சூத்திரத்துக்குள்ளேயே எழுதி வைத்தார். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: அவருடைய மாதிரி ஒரு பெயரைத் தரவில்லை, ஓடும் எல்லாக் குதிரைக்கும் ஒவ்வோர் எண்ணைத் தந்தது.

கூட்டம் எங்கே தவறும் என்பதும் ஓரளவு தெரிந்த விஷயம்தான். ரிச்சர்ட் கிரிஃபித் 1949இல் அமெரிக்க ரேஸ் முடிவுகளை ஆராய்ந்து, ஜெயிக்க வாய்ப்பே குறைவான குதிரைகள்மேல் மக்கள் அவற்றின் தகுதிக்கு மீறிக் கட்டுகிறார்கள் என்று காட்டினார். ஐம்பதுக்கு ஒன்று, நூறுக்கு ஒன்று என்று போர்டில் மின்னும் குதிரை உண்மையில் அதைவிட மோசமான பந்தயம். வில்லியம் மெக்லாத்லின் 1956இல் இன்னும் நெருக்கமாகப் பார்த்தார். அன்றைய கடைசி ரேஸில் ஃபேவரிட்டை மக்கள் கைவிடுவது அதிகமாகிறது என்று கண்டார். காரணத்தை நாம் எல்லோரும் ஊகிக்கலாம். மதியம் முழுக்க இழந்தவர், வீட்டுக்குப் போகுமுன் ஒரே ரேஸில் எல்லாவற்றையும் திருப்பி எடுக்கப் பார்க்கிறார். சின்ன லாபம் தரும் குதிரை அவருக்கு உதவாது. கிண்டி ஸ்டேஷனில் கடைசி ரேஸ் முடிந்த பிறகு மின்சார ரயிலுக்குக் காத்திருப்பவர்களின் முகங்களைப் பார்த்த யாருக்கும் இதற்கு ஆராய்ச்சி தேவைப்படாது. சம்பள நாளில் அந்த மேடையில் நிற்பது ஒருவர் மட்டும் அல்ல. அவர் பின்னால் பள்ளிக் கட்டணமும் மளிகைக் கடன் நோட்டும் நிற்கின்றன.

பந்தயம் இருக்க வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதத்துக்குள் இன்று நான் போகவில்லை. 2024இல் ஊட்டி மைதானத்து நிலத்தை அரசு திரும்ப எடுத்தது. அதே வருஷம் செப்டம்பரில் கிண்டி நிலத்தின் குத்தகையை ரத்துசெய்தது. விஷயம் நீதிமன்றம் போனது. அது நிலமும் வாடகையும் பற்றிய வழக்கு. அது எப்படி முடிந்தாலும் பெங்களூரிலும் மும்பையிலும் ஹைதராபாத்திலும் கொல்கத்தாவிலும் ரேஸ் நடக்கும், அவற்றுக்குக் கணிப்பும் அச்சாகும், நம் ஊரில் அதைப் படிப்பவர்களும் இருப்பார்கள்.

ஆகவே என் கோரிக்கை அந்தப் பத்தியை எழுதுபவர்களிடமும் அதை வெளியிடும் ஆசிரியர்களிடமும்தான். மூன்று பெயருக்குப் பக்கத்தில் மூன்று எண்களும் போடுங்கள். ஒவ்வொரு தேர்வுக்கும் நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு தருகிறீர்கள் என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக இரண்டு எழுத்து இடம்தான் வேண்டும். ‘டேஸ் பெஸ்ட்’ என்று ஒரு குதிரையைச் சொன்னால், ஏன் என்று ஒரு வரி: வகுப்பு இறங்கியதா, டிரா நன்றாக அமைந்ததா, முன்னால் போக வேறு குதிரை இல்லையா? எட்டு ரேஸில் இரண்டு மூன்று ரேஸ்களில் எதையும் பிரித்துச் சொல்ல முடியாது என்பது எழுதுபவருக்கே தெரியும். புதுக் குதிரைகள் மட்டும் ஓடும் ரேஸ், நீண்ட ஓய்விலிருந்து ஐந்தாறு குதிரைகள் திரும்பும் ரேஸ் போன்றவை. அங்கே கட்டாயத்துக்கு மூன்று பெயர் போடாமல், ‘இந்த ரேஸில் எதையும் பிரித்துச் சொல்ல முடியாது, கட்ட வேண்டாம்’ என்று அச்சிடுங்கள். கடைசி ரேஸுக்கு அந்த வரியைப் போட வேண்டிய நாட்கள் நிறைய வரும். சீசன் முடிந்ததும், முப்பது என்று எழுதிய குதிரைகளில் நூற்றுக்கு எத்தனை ஜெயித்தன, இருபது என்று எழுதியவற்றில் எத்தனை என்று ஒரு கணக்கை அதே பக்கத்தில், அதே பொடி எழுத்தில் வெளியிடுங்கள். முப்பது என்றவை முப்பதை ஒட்டி ஜெயித்திருந்தால் அவர் நல்ல கணிப்பாளர், அவருடைய ‘டேஸ் பெஸ்ட்’ அன்று தோற்றிருந்தாலும். நாற்பது என்று எழுதியவை பதினைந்துதான் ஜெயித்திருந்தால் அடுத்த சீசனில் அந்தப் பத்தியை வேறொருவர் எழுதட்டும்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம். நாளைய அட்டையில் எந்தக் குதிரை என்று கேட்பவர்களுக்கு எண்ணோடுதான் பதில் சொல்வேன்.